உரசவும் கூடாது, ஒழுகவும் கூடாது: ஜெட் எஞ்சினுக்குள்ள ஒரு சின்ன இடைவெளியோட கதை

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை மாறாமல், படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.

இன்னைக்கு நேரா ஒரு கேள்வியிலேயே ஆரம்பிக்கலாம். சென்னையில இருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ ஏ320நியோ விமானத்துல போனவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கலாம். கதவு மூடியாச்சு, விமானத்தைப் பின்னாடி தள்ளியாச்சு. எஞ்சின் சுத்த ஆரம்பிக்கிற ஊளைச் சத்தமும் கேட்குது. ஆனா அந்தச் சத்தம் மேல ஏறாம, ஒரே சுருதியில ரொம்ப நேரம் ஓடிட்டே இருக்கும். பழைய ஏ320-ல இவ்வளவு நேரம் ஆகாது. எஞ்சின் புதுசு, டெக்னாலஜியும் புதுசு. அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆக லேட் ஆகுது?

அந்த நேரத்துல எஞ்சினுக்குள்ள எரிபொருளே போகலை. வெறும் காத்தோட வேகத்துல உள்ள இருக்குற ஷாஃப்டை மெதுவா சுத்த விட்டிருக்காங்க. அந்த ஷாஃப்ட் லேசா வளைஞ்சிருக்கு. அது நிமிர்றதுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க.

ஷாஃப்ட் ஏன் வளையுது, வளைஞ்சா என்ன ஆகும்? இதுக்குப் பதில் தெரியணும்னா எஞ்சினுக்குள்ள இருக்குற ஒரு இடைவெளியைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அரை மில்லிமீட்டர் கணக்குல பேச வேண்டிய இடைவெளி அது. விமானத்தோட டீசல் மைலேஜ்னு வச்சுக்குங்களேன், அதுல இருந்து ஒரு விமானம் நாளைக்குப் பறக்கலாமா கூடாதாங்கிற உத்தரவு வரைக்கும் பல விஷயங்கள் அந்த இடைவெளியில தொங்கிட்டு இருக்கு.

எங்கே இருக்கு இந்த இடைவெளி?

ஜெட் எஞ்சினை ரொம்பச் சுருக்கமா சொல்லிடறேன். முன்னாடி கம்ப்ரஸர் காத்தை உள்ள இழுத்து அழுத்துது. நடுவுல எரிபொருள் எரியுது. அந்தச் சூடான வாயு பின்னாடி இருக்குற டர்பைன் பிளேடுகளைத் தள்ளிக்கிட்டு வெளியே போகுது. டர்பைன் சுத்தினா, அதே ஷாஃப்ட்ல இருக்குற கம்ப்ரஸரும் சுத்தும்.

இப்போ டர்பைனை மட்டும் பாருங்க. ஒரு வட்டத் தட்டு. அதோட விளிம்பைச் சுத்தி வரிசையா பிளேடுகள். இதுக்கு வெளியே, சுத்தாம நிக்கிற ஒரு உருளை, அதுதான் கேசிங். பிளேடு முனைக்கும் கேசிங்குக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆகணும். இல்லைன்னா உரசும். ஆனா இடம் விட்டா, வாயு பிளேடைத் தள்ளாம அந்தச் சந்து வழியா நழுவிப் போயிடும். எரிபொருளை எரிச்சுச் சம்பாதிச்ச அழுத்தம், வேலையே செய்யாம வெளியே போகுது.

இது எவ்வளவு பெரிய விஷயம்? நாசா ஆய்வாளர்கள் சொல்ற ஒரு கணக்கு இருக்கு. ஒரு பெரிய ஜெட் எஞ்சினோட உயர் அழுத்த டர்பைன்ல இந்த இடைவெளியை 0.25 மில்லிமீட்டர் குறைச்சா, எரிபொருள் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், வெளியே வர்ற வாயுவோட வெப்பமும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குறையும். உங்க பர்ஸ்ல இருக்குற ஏடிஎம் கார்டோட தடிமன் 0.76 மில்லிமீட்டர். அதுல மூணுல ஒரு பங்கைத்தான் பேசிட்டு இருக்கோம்.

1 சதவீதம்னா சின்னதா தெரியும். ஆனா விமான நிறுவனங்களோட செலவுல பெரிய பங்கு எரிபொருளுக்குத்தான் போகுது. நூத்துக்கணக்கான விமானம் வச்சிருக்குற கம்பெனிக்கு 1 சதவீதம்கிறது பெரிய பணம், பெரிய அளவு கார்பன்.

அந்த 10 டிகிரியும் முக்கியம். எஞ்சின் ஓட ஓட முனைகள் தேயும், சந்து பெருசாகும். அதே விசை வேணும்னா கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் எரிபொருள் விடும், சூடு ஏறும். சூடு ஒரு எல்லைக்கு மேல போகக் கூடாது. அந்த எல்லையைத் தொட்டதும் எஞ்சினைக் கழட்டி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும். ஆக, இந்தச் சந்து எஞ்சினோட ஆயுள் கணக்கும்தான்.

சின்னதா வச்சுட்டா முடிஞ்சதுல்ல?

இங்கதான் விஷயமே இருக்கு. இந்த இடைவெளி ஒரே அளவுல நிக்காது. எஞ்சின் ஸ்டார்ட் ஆன நிமிஷத்துல இருந்து அது மாறிக்கிட்டே இருக்கும், ஏன்னா அதைச் சுத்தி இருக்குற மூணு பொருளும் மூணு வேகத்துல வளருது.

முதல்ல, பிளேடு. வேகம் ஏறின உடனே மையவிலக்கு விசையில பிளேடும் தட்டும் வெளிப்பக்கமா இழுபடும். இது உடனடி. சூடு வேற சேர்ந்தா பிளேடு சில நொடிகள்லயே இன்னும் கொஞ்சம் நீளும்.

அடுத்தது கேசிங். இது சூடாக ஆக விரியும், ஆனா பிளேடு அளவுக்கு வேகமா இல்ல.

மூணாவது, பிளேடுகளைத் தாங்குற கனமான தட்டு. இது சூடாகி விரிய நிமிஷக் கணக்குல ஆகும்.

இப்போ டேக்ஆஃப் நேரத்தை நினைச்சுப் பாருங்க. பைலட் முழு விசை கொடுக்கறார். பிளேடு உடனே நீளுது, கேசிங் இன்னும் விரியலை. அந்தச் சில நொடிகள்ல இடைவெளி ஒரேடியா சுருங்கும். அப்புறம் கேசிங் சூடாகி விரியும், இடைவெளி திறக்கும். அப்புறம் தட்டு மெதுவா விரிஞ்சு மறுபடி கொஞ்சம் மூடும்.

இதைவிட மோசமான ஒரு நேரமும் இருக்கு. விமானம் முழு விசையில ஓடிட்டு இருக்கும்போது விசையைக் குறைக்கறாங்க. கேசிங் சீக்கிரமா ஆறிச் சுருங்குது. தட்டு மட்டும் சூட்டோட விரிஞ்சே இருக்கு. அந்த நேரம் பார்த்து மறுபடி முழு விசை தேவைப்பட்டா? சுருங்கின கேசிங், விரிஞ்ச தட்டு, திடீர்னு நீளுற பிளேடு. மூணும் ஒரே நேரத்துல.

வடிவமைக்கிறவங்க இந்த மோசமான சில நொடிகளை மனசுல வச்சுத்தான் இடம் விடணும். ஆனா விமானம் பறக்குற நேரத்துல பெரும்பகுதி, மேல ஒரே வேகத்துல நிதானமா போற நேரம். அப்போ அந்த இடம் தேவையே இல்ல, சும்மா ஒழுகிட்டு இருக்கும். சில நொடி ஆபத்துக்காக மணிக்கணக்குல எரிபொருளை விடுறாங்க.

டம்ளர் தந்திரம்

இதுக்கு ரெண்டு வழி கண்டுபிடிச்சிருக்காங்க.

ஒண்ணு, உரசினாலும் பரவாயில்லைங்கிற மாதிரி கேசிங்கை அமைக்கிறது. கேசிங்கோட உள்பக்கத்துல தேயக்கூடிய ஒரு பூச்சு பூசுவாங்க, இல்லைன்னா தேன்கூடு மாதிரி மெல்லிய உலோக அறைகளை ஒட்டுவாங்க. பிளேடு நீண்டு வந்து உரசினா, பிளேடு உடையாது, அந்தப் பூச்சுல ஒரு பள்ளம் விழும். சில எஞ்சின்கள்ல பிளேடு முனையிலேயே கடினமான துகள்களைப் பதிச்சு, அதை ஒரு அரம் மாதிரி ஆக்கிடுவாங்க. பிளேடு தனக்குத் தேவையான இடத்தைத் தானே செதுக்கிக்கும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. வீட்டுல ரெண்டு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா அம்மா என்ன செய்வாங்க? உள் டம்ளர்ல ஜில் தண்ணி ஊத்தி, வெளி டம்ளரைச் சுடுதண்ணியில வைப்பாங்க. வெளியே இருக்குறது விரியும், உள்ள இருக்குறது சுருங்கும், கழண்டு வந்துடும். இதையே திருப்பிப் போடுங்க. டர்பைன் கேசிங்கைச் சுத்தி ஓட்டை போட்ட குழாய்களை வளையமா மாட்டுவாங்க. விமானம் மேல போய் நிதானமான வேகத்துக்கு வந்ததும், எஞ்சினோட முன்பக்கத்துல இருந்து கொஞ்சம் குளிர்ந்த காத்தை எடுத்து அந்தக் குழாய் வழியா கேசிங் மேல ஊதுவாங்க. கேசிங் சுருங்கும், சந்து மூடும். டேக்ஆஃப் நேரத்துல அந்தக் காத்து வராது, அதனால உரசுற பயமும் குறையும். இடைவெளி எப்போ எவ்வளவு இருக்கணும்னு எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு வால்வைத் திறந்து மூடி முடிவு பண்ணுது.

ஷாஃப்டைச் சுத்தி ஒழுகுற காத்து

பிளேடு முனை மட்டும் இல்ல. சுத்துற ஷாஃப்ட், சுத்தாத சுவரைத் தாண்டிப் போற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சந்து இருக்கு. குக்கர் மூடியில கேஸ்கட் போட்ட மாதிரி இதை அடைக்க முடியாது. குக்கர்ல மூடி சுத்துறதில்லையே. இங்க ஒரு பக்கம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து சுத்துது.

அதனால வேற வழி. சுத்துற பக்கத்துல கத்தி முனை மாதிரி மெல்லிய வளையங்களை வரிசையா வைப்பாங்க. காத்து முதல் முனைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குற சந்துல வேகமா பாயும், அடுத்த அறைக்குள்ள போய்ச் சுழன்று அந்த வேகத்தை இழக்கும். அப்புறம் ரெண்டாவது முனை, அடுத்த அறை, மூணாவது முனை. ஒவ்வொரு படியிலயும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். கோயில்ல கூட்டத்தைத் தடுக்காம, கம்பி கட்டி வளைச்சு வளைச்சு விடுவாங்கல்ல, அந்த மாதிரி. ஒழுக்கு நிக்காது, குறையும். எதுவும் எதையும் தொடாததால தேய்மானமும் குறைவு. இதுக்கு லாபிரிந்த் சீல்னு பேரு. 1884-ல சார்லஸ் பார்சன்ஸ் செஞ்ச முதல் நீராவி டர்பைன் நிமிஷத்துக்கு 18,000 சுத்து சுத்துச்சு. அந்தக் காலத்து நீராவி டர்பைன்கள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த உத்தி தொடருது.

பேரிங் இருக்குற அறைக்கு இது மட்டும் போதாது. அங்க எண்ணெய் இருக்கு, அது வெளியே வந்துடக் கூடாது. அங்க பெரும்பாலும் கார்பன் வளையம் ஒண்ணு ஷாஃப்டோட ஒட்டின மாதிரி இருக்கும், வெளிப்பக்கத்துல இருந்து காத்தழுத்தம் எண்ணெயை உள்ளேயே தள்ளி வைக்கும்.

இன்னொரு விஷயம் ஆச்சரியமா இருக்கும். சில இடத்துல வேணும்னே ஒழுக விடுவாங்க. டர்பைன்ல பாயுற வாயுவோட சூடு, பிளேடு செஞ்ச உலோகம் உருகுற சூட்டைவிட அதிகமா இருக்கலாம். அந்த வாயு, பிளேடுகளைத் தாங்குற தட்டுப் பக்கம் புகுந்துட்டா தட்டோட பலம் போயிடும். பிளேடு ஒண்ணு உடைஞ்சா கேசிங் பிடிச்சு நிறுத்திடும். தட்டு உடைஞ்சா எதுவும் நிறுத்தாது. அதனால கம்ப்ரஸர்ல இருந்து காத்தை எடுத்து, தட்டுப் பக்கம் இருந்து வெளியே கசிய விடுவாங்க. சூடான வாயு உள்ள வராம இருக்க ஒரு காவல். சீல் வேலைன்னா எல்லாத்தையும் இறுக்கி மூடுறது கிடையாது. எது எங்க, எவ்வளவு ஒழுகலாம்னு முடிவு பண்றதும் அதுலதான் வருது.

ஒரே எஞ்சின், மூணு சந்துகள்

இப்போ நம்ம ஏ320நியோவுக்கு வருவோம். இந்த விமானத்துக்கு ரெண்டு வகை எஞ்சின் கிடைக்கும். அதுல ஒண்ணு பிராட் அண்ட் விட்னியோட பிடபிள்யூ1100ஜி. முன்னாடி இருக்குற பெரிய ஃபேனுக்கும் உள்ள இருக்குற ஷாஃப்டுக்கும் நடுவுல ஒரு கியர்பாக்ஸ். எரிபொருள் சிக்கனத்துல நல்ல பேரு. இந்தியாவுல இண்டிகோவும் கோஏரும் இந்த எஞ்சினோடதான் நியோவை வாங்கினாங்க. இண்டிகோவுக்கு முதல் விமானம் 2016 மார்ச்ல வந்துச்சு.

முதல் கதை, வளைஞ்ச ஷாஃப்ட். விமானம் தரையிறங்கி எஞ்சினை நிறுத்தினதும், உள்ள இருக்குற சூடான காத்து மேல ஏறும். ஷாஃப்டோட மேல் பக்கம் சூடா, கீழ் பக்கம் ஆறிப் போய் இருக்கும். மேல் பக்கம் அதிகமா விரிஞ்சதால ஷாஃப்ட் மெல்ல மேல்நோக்கி வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனா இடைவெளியும் அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாததுதானே? அப்படியே வேகமா சுத்த விட்டா அதிரும், பிளேடு முனை கேசிங்குல தேய்க்கும், சந்து நிரந்தரமா பெருசாகும். எந்தச் சிக்கனத்துக்காக இந்த எஞ்சினை வாங்கினாங்களோ, அதுல ஒரு பகுதி போயிடும். அதனாலதான் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி எரிபொருள் இல்லாம மெதுவா சுத்த விட்டு, சூட்டை எல்லாப் பக்கமும் சமமாக்கறாங்க.

ஆரம்பத்துல இதுக்கு நிமிஷக் கணக்குல ஆச்சு. முதல் நியோவை வாங்க வேண்டிய கத்தார் ஏர்வேஸ் இந்தப் பிரச்சினையைச் சொல்லி வாங்க மறுத்துடுச்சு. 2016 ஜனவரியில லுஃப்தான்சாவுக்கு அது முதல்ல போச்சு. அப்புறம் பேரிங் பகுதியில அதிர்வைத் தாங்குற மாற்றங்களும் சாஃப்ட்வேர் மாற்றங்களும் செஞ்சு நேரத்தைக் குறைச்சாங்க. நியோவுக்குக் கிடைக்கிற இன்னொரு எஞ்சினான லீப்லயும் இந்த மாதிரி சுத்த விடுற ஏற்பாடு உண்டு. இடைவெளியைக் குறைச்சுக் கட்டின எந்த எஞ்சினும் இதுக்கு ஏதாவது ஒரு விலை கொடுத்தாகணும்.

மின் நிலையத்துல வேலை பார்க்குறவங்களுக்கு இது புதுசே இல்ல. வட சென்னை, மேட்டூர், நெய்வேலி மாதிரி அனல் மின் நிலையங்கள்ல நீராவி டர்பைனை நிறுத்தினதும் அப்படியே விட்டுட மாட்டாங்க. டர்னிங் கியர்னு ஒரு ஏற்பாடு, அந்தப் பிரம்மாண்டமான ஷாஃப்டை அது ஆறுற வரைக்கும் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும். தோசைக்கல்லுல போட்டதைத் திருப்பாம விட்டா ஒரு பக்கம் மட்டும் வேகும்ல, அதே கதைதான்.

ரெண்டாவது கதை, கார்பன் சீல். இந்த எஞ்சினோட மூணாம் நம்பர் பேரிங் அறையில இருந்த சீல், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமா தேய்ஞ்சுது. அதை மாத்தணும்னா எஞ்சினைக் கழட்டணும். மாத்தி மாட்ட உபரி எஞ்சின் போதாம 2017-ல இண்டிகோவோட சில நியோக்கள் பறக்க முடியாம தரையில நின்னுச்சு. ஒரு வளையம், ஒரு முழு விமானத்தை நிறுத்தி வச்சுது.

மூணாவது கதைதான் ரொம்ப முக்கியம். கம்ப்ரஸரோட பின்பக்கத்துல ஒரு கத்தி முனை சீல், நான் முன்னாடி சொன்ன அதே லாபிரிந்த் வகை. அது இன்னும் நீடிச்சு உழைக்கணும்னு 2017-ல வடிவமைப்புல ஒரு மாற்றம் செஞ்சாங்க. அந்தப் புது வடிவம் உடைய ஆரம்பிச்சுது. எஞ்சின் நடுவானத்துல நின்ன சம்பவங்கள் நடந்துச்சு.

ஒரு எஞ்சின் போனா இன்னொண்ணு இருக்குல்ல?

ரெண்டு எஞ்சின் விமானம் ஒரே எஞ்சினோட பத்திரமா தரையிறங்க முடியும். அதுக்குத்தான் சான்று கொடுக்கறாங்க, பைலட்டுகளும் அதுக்குப் பயிற்சி எடுக்கறாங்க. ஆனா இந்த நம்பிக்கைக்கு அடியில ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. ஒரு எஞ்சின் நிக்கிறதும் இன்னொண்ணு நிக்கிறதும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாம நடக்கும்னு நினைக்கறோம். அப்படின்னா ரெண்டும் ஒரே பயணத்துல நிக்கிற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. ரெண்டுலயும் அதே குறையோட அதே சீல் இருந்தா? அந்தக் கணக்கு அப்படியே ஆடிப் போயிடும்.

2018 பிப்ரவரியில ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர உத்தரவு போட்டுச்சு. ரெண்டு எஞ்சின்லயும் அந்தச் சீல் இருக்குற விமானம் 3 முறைக்கு மேல பறக்கக் கூடாது. ஒரு எஞ்சின்ல மட்டும் இருந்தா, பக்கத்துல விமான நிலையம் இல்லாத நீண்ட கடல் பாதைகள்ல போகக் கூடாது. கணக்கு அப்படியே தெரியுது பாருங்க. அவங்க பயந்தது ஒரு எஞ்சின் நிக்கிறதுக்கு இல்ல, ரெண்டும் ஒரே காரணத்தால நிக்கிறதுக்கு.

இந்தியாவுல அதுக்கு அப்புறமும், ஒரு எஞ்சின்ல மட்டும் அந்தச் சீல் இருந்த விமானங்கள் பறந்துட்டு இருந்துச்சு. 2018 மார்ச் 12-ஆம் தேதி, அகமதாபாத்ல இருந்து லக்னோவுக்குக் கிளம்பின இண்டிகோ விமானத்துல ஒரு எஞ்சின் நின்னு, விமானம் திரும்பி வந்து பத்திரமா இறங்குச்சு. அன்னைக்கே டிஜிசிஏ ஒரு படி மேல போச்சு: ஒரே ஒரு எஞ்சின்ல அந்தச் சீல் இருந்தாலும் பறக்கக் கூடாது. இண்டிகோவோட 8, கோஏரோட 3, மொத்தம் 11 விமானம் நின்னுச்சு. அடுத்த நாள் பல பேரோட பயணம் ரத்தாச்சு. பிராட் அண்ட் விட்னி, சீலைப் பழைய வடிவத்துக்கே திருப்பினாங்க.

அந்த வாரம் ஏர்போர்ட்ல மாட்டினவங்களுக்குக் கோபம் வந்திருக்கும், நியாயம்தான். ஆனா அந்த உத்தரவுக்குப் பின்னாடி இருந்த யோசனை சரியானதுன்னுதான் எனக்குத் தோணுது. பத்திரமா இறங்குனதை, 'பாருங்க, ஒண்ணும் ஆகலையே'ன்னு அவங்க எடுத்துக்கலை. அடுத்த தடவை எப்படி இருக்கும்னு கேட்டாங்க.

ஒரு குறிப்பு: 2023-ல இதே எஞ்சின்ல வந்த உலோகத் தூள் பிரச்சினை வேற. அதுக்கும் இந்தச் சீலுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

வழக்கமா வர்ற ரெண்டு கேள்வி

மின் நிலையம் மாதிரி, விமானம் நிக்கும்போதும் எஞ்சினைச் சுத்திக்கிட்டே இருந்தா என்ன? செய்யலாம், ஆனா அதுக்கு ஒரு மோட்டார், மின்சாரம், எல்லாத்துக்கும் எடை. மின் நிலையத்துல எடை ஒரு பிரச்சினையே இல்ல. விமானத்துல ஒவ்வொரு கிலோவையும் ஒவ்வொரு பயணத்துலயும் தூக்கிட்டுப் போகணும். கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சுத்தினா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க.

அப்போ சந்தே இல்லாத எஞ்சின் எப்போ வரும்? பிளேடு முனையோடயே சேர்ந்து வெளியே ஒரு வளையம் வச்சு, அந்த வளையத்து மேல கத்தி முனை சீல் போடுற வகை இப்பவே இருக்கு. ஒழுக்கு குறையும், ஆனா அந்த வளையத்தோட எடையையும் மையவிலக்கு விசையையும் பிளேடு தாங்கணும். அதனால வேகமும் சூடும் ரொம்ப அதிகமா இருக்குற இடத்துல அதைப் பெரும்பாலும் தவிர்ப்பாங்க. உரசலுக்கும் ஒழுக்கலுக்கும் நடுவுலதான் எல்லா டிசைனும் நிக்குது. எந்தப் பக்கம் எவ்வளவு சாயறதுங்கிறதுலதான் வித்தியாசம்.

அடுத்த தடவை எஞ்சின் ஸ்டார்ட் ஆக லேட்டானா, பக்கத்து சீட்ல இருக்குறவர் முணுமுணுத்தா, இதைச் சொல்லுங்க. லேண்டிங் முடியறதுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம். உங்க கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.